கூர்மையும் நேர்மையும்

நாளொன்றுக்கு எட்டுத் தேர்களைச் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுவதும் முயன்று ஒரே ஒரு தேர்ச்சக்கரத்தைச் செய்தால், அச்சக்கரம் எத்தகைய சிறப்புடையதாய் இருக்கும்! அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு உணர்த்த விரும்பிய ஔவையார், புறநானூற்றில் இவ்வுவமையையே எடுத்தாள்கின்றார். வகுப்பறையில் அப்பாட்டைப் பயிற்றுவோர் பலரும் மன்னனின் வீரத்தை விரித்துரைத்துவிட்டு மேற்செல்வர். அந்தத் தச்சனிடம் சற்றே நின்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. விரைந்து செய்யத் தெரிந்தவன், எவ்விடத்தில் விரைதல் கூடாது என்பதனையும் அறிந்திருந்தான். அதுவே அவ்வுவமையின் உயிர் எனலாம்.

அந்தத் தச்சன் காலத்தோடு மறைந்துவிடவில்லை. சிங்கப்பூர்த் தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் தொழிற்பேட்டையின் தகரக் கூரை ஒன்றின்கீழ் அவனுடைய வழித்தோன்றல்களை இன்றும் காணலாம்.

கடலில் மரக்கிளைகளையும் தென்னை ஓலைகளையும் இட்டு, அந்நிழலை நாடி வரும் மீன்களை வலையால் வாரிக்கொள்ளும் பழைய முறையொன்று மலாய் மீனவரிடையே இருந்தது. ‘மெனுவாஸ்’ என்னும் அம்முறையின் பெயரிலிருந்தே துவாஸ் என்னும் ஊர்ப்பெயர் பிறந்தது என்பர். அந்த மீனவர் சிற்றூர் இன்று இல்லை. 1968-ஆம் ஆண்டில் ஜூரோங் நகராண்மைக் கழகம் தோன்றிய பின்னர்த் தொழிற்பேட்டைகள் மேற்கு நோக்கி விரிந்தன. கடல் தூர்க்கப்பட்டு நிலமாயிற்று. 1998-இல் மலேசியாவை இணைக்கும் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 2017-இல் பெருவிரைவு ரயில் துவாஸ் வரை நீண்டது. 2022-இல் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறப்பு விழாக் கண்டது. மீனுக்காக மரக்கிளை இட்ட கடற்கரையில், இன்று கப்பலேறும் சரக்குகளுக்காக மரம் அறுக்கப்படுகின்றது.

சரக்கு அனுப்பும் தொழிலில் மரத்தின் பங்கு பலர் கண்ணிற் படுவதில்லை. பல கோடி வெள்ளி மதிப்புள்ள எந்திரமாயினும் மரப்பெட்டிக்குள் அடங்கியே கடல் கடக்கும். அம்மரத்தோடு பூச்சியும் புழுவும் நாடு விட்டு நாடு செல்லாதிருக்க, மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும் என 2002-இல் அனைத்துலக விதியொன்றும் வகுக்கப்பட்டது. துவாஸின் பட்டறைகளில் இவ்வாறு சூடேற்றிய பலகைகளை அடுக்கி வைத்திருப்பர். எந்திரத்தின் அடிப்பாகம் அமரும் கட்டைகள் கோணலின்றி இருத்தல் வேண்டும். ஒரு மூலை உயர்ந்து மறு மூலை தாழ்ந்தால், கடலின் அசைவில் முழுப்பாரமும் ஒரு பக்கம் சாயும். ஆதலால் அறுத்த கட்டை, இழைப்பு எந்திரத்தின்மேல் சென்று வந்த பின்னரே பெட்டியாகும்.

தமிழ்த் தச்சர் கையிலேந்தும் இழைப்புளியை அனைவரும் அறிவர். மரக்கட்டையின் நடுவே சாய்வாகச் செருகிய ஓர் அலகு; அதனை இறுக்க ஓர் ஆப்பு; அவ்வளவே. இழைப்பு எந்திரத்திலும் அலகும் ஆப்புமே உள்ளன. ஆனால் அங்கே அலகு சுழல்கின்றது. பிரிட்டனில் சாமுவேல் பெந்தம் 1793-இல் பெற்ற காப்புரிமையிலேயே சுழலும் வெட்டலகு பற்றிய கருத்து இடம்பெற்றது. ஜோசப் பிராமா 1802-இல் இழைப்பு எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் வில்லியம் உட்வர்த் 1828-இல் பெற்ற காப்புரிமை அந்நாட்டின் மரத்தொழிலையே மாற்றியமைத்தது. ஒரு தச்சர் நாள் முழுதும் வியர்வை சிந்தி இழைத்த பலகைகளை எந்திரம் சில நிமிடங்களில் இழைத்துத் தந்தது.

அந்த விரைவுக்கு மனிதன் கொடுத்த விலையும் பெரிது. தொடக்கத்தில் அலகுகளைத் தாங்கிய கட்டை சதுர வடிவினதாய் இருந்தது. அதன் நான்கு மூலைகளுக்கும் மேசைக்கும் இடையே இருந்த இடைவெளி, தவறி விழுந்த விரல்களை மட்டுமன்றிக் கையையே உள்ளிழுத்துக்கொண்டது. பிரிட்டனில் 1922-இல் வகுக்கப்பட்ட மரவேலை எந்திர விதிகள், மரத்தைக் கையால் தள்ளி இழைக்கும் எந்திரங்களில் உருண்டை வடிவ வெட்டுருளையே இருத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டன. சதுரம் வட்டமாகியதால் எண்ணற்றோரின் கைகள் காக்கப்பட்டன.

துவாஸில் ஒரு பட்டறை. அங்கே தஞ்சைத் தரணியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பணியாற்றி வந்தார். தந்தையும் பாட்டனாரும் தச்சர்கள். வந்தவாசல் தெரியாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் மரத்தூளோடு வாழ்ந்தவர். அந்த மாத இறுதியில் அவர் நிரந்தரமாகத் தாயகம் திரும்ப இருந்தார். அவரிடம் தொழில் கற்க விடப்பட்டவன், சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து ஓராண்டே ஆகியிருந்த இளைஞன். கடல் கடக்க வாங்கிய கடன் இன்னும் தீராதவன். மிகைநேர ஊதியத்தின் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணி வாழ்பவன். ஞாயிறு தோறும் தேக்கா சென்று வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு வந்தால்தான் அவனுக்கு மறுவாரம் விடியும்.

“அலகை மாத்தத் தெரிஞ்சவன்தான் எந்திரத்துக்குச் சொந்தக்காரன் தம்பி; மத்தவன் எல்லாம் அதுக்குக் கூலிக்காரன்” என்பது முதியவரின் வாய்மொழி.

அலகு மழுங்கியதை எந்திரமே சொல்லிவிடும். ஓசை மாறும், மரத்தைத் தள்ளக் கூடுதல் வலிமை தேவைப்படும், இழைத்த பரப்பு பட்டாய் ஒளிராமல் பஞ்சாய்ச் சிலும்பும். வெப்பமண்டல மரங்களில் சில, உடலுக்குள்ளேயே மணலின் தன்மை கொண்டவை. வெள்ளை மெராந்தியிலும் குருயிங்கிலும் உள்ள சிலிக்கா, உயர்வேக எஃகையும் விரைவில் தேய்த்துவிடும். குருயிங் மரத்தின் பிசினோ வெட்டுருளையின் பள்ளங்களில் படிந்து இறுகிவிடும். மழுங்கிய அலகு ஆபத்தற்றது என எண்ணுவது பேதைமை. கூரிய அலகு மரத்தைச் சீவும். மழுங்கிய அலகு மரத்தை அடித்துத் தள்ளும். அவ்வாறு தள்ளப்படும் கணத்தில், மரத்தின்மேல் ஊன்றிய கை நிலைதவறி அலகின்மேல் விழும்.

அன்று பிற்பகல், தீட்டி வந்த மூன்று அலகுகளை அமைக்கும் பொறுப்பு முதன்முறையாக இளைஞனிடம் தரப்பட்டது. மாலை 4 மணிக்குச் சரக்குந்து வந்துவிடும். மேற்பார்வையாளர் இருமுறை வந்து கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டிச் சென்றார். முதியவர் அருகில் ஒரு கட்டையின்மேல் அமர்ந்தார், கை நீட்டவில்லை, கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

இளைஞன் தொடக்கத்தில் யாவற்றையும் முறையாகவே செய்தான். முதன்மை மின்விசையை அணைத்துப் பூட்டிட்டான். சாவியைச் சட்டைப் பையில் இட்டான். வெட்டுருளை சுழலாதிருக்க மரத்துண்டொன்றை அணையாகச் செருகினான். ஆப்புப் பட்டையின் மரையாணிகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினான். பழைய அலகை எடுத்துத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்தான். பள்ளத்தில் படிந்திருந்த பிசினை மண்ணெண்ணெய் தோய்ந்த தூரிகையால் தேய்த்துக் களைந்தான். ஒரு சிறு சிராய் அலகின்கீழ் தங்கிவிட்டாலும் அலகு அவ்விடத்தில் உயர்ந்துவிடும் என்பது அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. மூன்று அலகுகளும் ஒரே கல்லில் ஒருங்கே தீட்டப்பட்டவைதாமா, ஒரே அகலமும் எடையும் உடையவைதாமா என்பதனையும் பார்த்துக்கொண்டான். எடை வேறுபட்டால் உருளை நடுங்கும். அந்நடுக்கம் தாங்கிகளைத் தின்றுவிடும்.

இனித்தான் உண்மையான பணி. அலகின் விளிம்பு உருளையின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வெளிப்பட வேண்டும். அது சுழற்சியின் உச்சிக்கு வருகையில், இழைத்த மரம் சென்று தங்கும் பின்மேசையின் மட்டத்திற்குச் சரியாக இருத்தல் வேண்டும். தாழ்ந்தால் மரம் மேசை விளிம்பில் முட்டும். உயர்ந்தால் மரத்தின் வால்பகுதியில் பள்ளம் விழும்.

இதனை அளக்க விலையுயர்ந்த அளவுகோல்கள் பல உண்டு. முதியவர் கற்பித்ததோ ஒரு நேரான மரச்சட்டத்தைக் கொண்டு அளக்கும் பழைய முறை. சட்டத்தைப் பின்மேசைமேல் கிடத்தி, அதன் முனை அலகின்மேல் நீளுமாறு வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுழற்றினால், அலகு சட்டத்தைத் தொட்டுச் சிறிது தொலைவு சுமந்து சென்று விட்டுவிடும். அத்தொலைவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டராக இருத்தல் வேண்டும். அலகின் இரு முனைகளிலும் ஒத்திருத்தல் வேண்டும். மூன்று அலகுகளுக்கும் மாறாதிருத்தல் வேண்டும். இம்முறையின் நுட்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பே மேலிடும். வெட்டு வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர் எனின், சட்டம் 3 மில்லிமீட்டர் நகர்வதற்கு அலகு மேசையைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரு பங்கு உயர்ந்திருந்தாற் போதும். கண்ணுக்குப் புலப்படாத உயரத்தைக் கண்ணுக்குப் புலப்படும் நகர்வாக மாற்றிக் காட்டுகின்றது ஒரு வெறும் மரச்சட்டம்!

முதலிரண்டு அலகுகளும் செவ்வனே அமைந்தன. மரையாணிகளை நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக முறுக்கி, முழுதும் இறுகிய பின்னர் மீண்டும் சட்டம் வைத்துப் பார்த்தான். மூன்றாம் அலகில்தான் மனம் சரக்குந்தை நாடிற்று. முறுக்குவதற்கு முன் அளந்தான். முறுக்கிய பின் அளக்கவில்லை. ஆப்பு இறுகும்போது அலகைச் சிறிது மேலே தள்ளும் என்பது அவன் அறியாததன்று. அறிந்ததை அக்கணத்தில் மறந்தான்.

பூட்டு அகன்றது; எந்திரம் முழங்கிற்று. வெள்ளோட்டமாக ஒரு பலகையை இழைத்தான். பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, ஆற்று மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைப்போல் நெடுகிலும் சிறு மேடு பள்ளங்கள். வால்பகுதியில் ஒரு குழி. இளைஞனின் முகம் கறுத்தது. நிறுத்தற் பொத்தானை அழுத்தினான். உருளை ஓயும் வரை பொறுத்தான். முடுக்கியை எடுத்து உருளையை நோக்கிக் கையை நீட்டினான்.

அந்த மணிக்கட்டை மற்றொரு கை இரும்பாய்ப் பற்றிற்று.

“டேய்! பூட்டு எங்கடா?”

ஓராண்டில் ஒருநாளும் ‘தம்பி’ என்பதன்றி வேறு சொல்லால் அவனை அழைத்தறியாதவர் முதியவர். பட்டறையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது.

“நிறுத்திட்டேன்ல அண்ணே...”

“நிறுத்துறது வேற, கரண்டை வெட்டுறது வேற. நீ நிறுத்தினத எவன் வேணும்னாலும் போட்டுருவான். சாவி உன் பையில இருந்தாத்தான்டா உன் கை உன்னுது.”

அவர் கூறியதில் மிகை ஏதுமில்லை. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டு வட்டம் நிமிடத்திற்கு 5000 முறை சுழன்றால், அலகின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. அருகிலிருப்பவன் ஒருவன் அறியாது பொத்தானைத் தொட்டால், விரலை மீட்க நேரம் இராது. சிங்கப்பூரில் 2006 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இத்தகைய கேடுகளைத் தடுக்கும் கடமையை முதலாளி முதல் தொழிலாளி வரை அனைவர்மீதும் சுமத்துகின்றது. ஆயினும் சட்டம் நூலில் உள்ளது. பூட்டு சட்டைப் பையில் உள்ளது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை நாள்தோறும் கடக்க வேண்டியவன் தொழிலாளியே.

பூட்டு மீண்டும் இடப்பட்டது. சட்டம் மீண்டும் வைக்கப்பட்டது. இரண்டு அலகுகள் அதனை 3 மில்லிமீட்டர் சுமந்தன. மூன்றாம் அலகு 6 மில்லிமீட்டர் சுமந்தது. உயரக் கணக்கில் அவ்வேறுபாடு ஒரு தலைமயிரின் பருமனே ஆகும். அவ்வளவில் என்ன கேடு என இளைஞன் வினவினான். முதியவர் பலகையின் வரிகளை விரலால் வருடிக்கொண்டே விளக்கினார். மூன்று அலகுகளும் ஒத்திருந்தால், நிமிடத்திற்கு 15,000 வெட்டுகள் விழும். நிமிடத்திற்கு 10 மீட்டர் வீதம் மரம் செல்லுமாயின், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருக்கும், பரப்பு வழவழப்பாகும். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால், அதன் சுவடே பலகையில் எஞ்சும், இடைவெளி 2 மில்லிமீட்டராகும், அலைவரிகள் தோன்றும்.

“ஒசந்து நிக்கிற அலகுதான் எல்லா வேலையும் செய்யும் தம்பி. பாக்கப் பெருமையாத்தான் இருக்கும். ஆனா அதுதான் முதல்ல மழுங்கும். மத்த ரெண்டும் கூர் இருந்தும் சும்மா சுத்தும்.”

மீண்டும் ‘தம்பி’ என்னும் சொல் வந்ததில் இளைஞனுக்குக் கண் கலங்கிற்று.

சரக்குந்து அன்று 40 நிமிடம் காத்திருந்தது. மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். பின்னர் இழைத்த கட்டையைத் தடவிப் பார்த்து ஒன்றும் கூறாது அகன்றார்.

அப்பட்டறையில் பேசப்படும் மொழி தமிழாசிரியர்களின் கருத்துக்குரியது. இழைப்புளியை மலாய்த் தொழிலாளர் ‘கெத்தாம்’ என்கின்றனர். நண்டுக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். வங்காளத்திலிருந்து வந்தவர் ‘ராந்தா’ என்கின்றார். சீனர் ‘பாவ்’ என்கின்றார். அலகைத் தமிழரும் ‘பிளேடு’ என்றே வழங்குகின்றனர். சோழ மன்னனின் மண்டபத்தை அமைக்க மகத நாட்டுக் கைவினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடி உழைத்ததாக மணிமேகலை கூறுகின்றது. அக்காட்சியை நூலில் படித்து வியப்போர், துவாஸ் சென்றால் நேரிலேயே காணலாம். இந்நகரின் தொடக்கக் காலத்திலும் நிலை இதுவே. 1850-களிலும் 1860-களிலும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் ஆளுநர் மாளிகையையும் எழுப்பிய கைகளுள், இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு இங்கே தச்சும் கொத்தும் பயின்றோரின் கைகள் இருந்தன. கட்டடங்கள் நிற்கின்றன, அக்கைகளின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

இன்று சிறுசிறு சதுர வெட்டுப்பற்களைத் திருகுசுருளாகப் பதித்த உருளைகள் வந்துவிட்டன. ஒரு முனை மழுங்கினால் பல்லைச் சிறிது திருப்பி மறுமுனையைப் பயன்படுத்தலாம். சட்டம் வைத்து அளக்கும் வேலை இல்லை. முதியவர் கற்ற கலைக்குத் தேவை குறைந்து வருகின்றது என்பது உண்மையே. ஆயினும் மின்னைத் துண்டித்துப் பூட்டுதல், இருக்கையைத் துடைத்தல், இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் ஆகிய மூன்றும் எந்த உருளைக்கும் பொருந்தும்.

மாத இறுதியில் முதியவர் விடைபெற்றார். தம் மரச்சட்டத்தை இளைஞனிடம் கொடுத்தார். அதன் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பென்சில் கோடுகள், ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வரையப்பட்டுப் பள்ளமாகவே ஆகியிருந்தன. “ஊருக்கு என்ன அண்ணே கொண்டு போறீங்க?” என்று அவன் கேட்டான். நகையும் துணியும் அடங்கிய பட்டியலையே அவன் எதிர்பார்த்திருக்கக்கூடும். முதியவர் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். தழும்பும் காய்ப்பும் ஏறியிருந்த கைகள். ஆனால் விரல்கள் பத்தும் முழுமையாக இருந்தன.

“எங்கப்பா எனக்குக் குடுத்தத அப்படியே திருப்பிக் கொண்டு போறேன்” என்றார்.

தமிழில் ‘நேர்மை’ என்னும் சொல் கோடு வளையாதிருத்தலையும் குறிக்கும்; உள்ளம் வளையாதிருத்தலையும் குறிக்கும். தீட்டுக்கல் அலகுக்குக் கூர்மையைத் தரும். நேர்மையை அமைப்பவனின் பொறுமையே தர வேண்டும். கல்வியும் அத்தகையதே. மாணவனின் அறிவைத் தீட்டுவதோடு ஆசிரியரின் பணி முடிந்துவிடுவதில்லை. அவ்வறிவு தன்னோடு சுழலும் பிற அறிவுகளோடு ஒத்த மட்டத்தில் நின்று பயன்தருமாறு அமைத்தலும், அமைத்ததை மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தலும் அப்பணியின் கூறுகளேயாம். எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு சக்கரத்திற்கு ஒரு திங்களைச் செலவிட்டான். 40 நிமிடம் காத்திருந்த சரக்குந்து, அந்தத் திங்களின் ஒரு சிறு துளியையே துவாஸில் கண்டது.